மேரிக்குப் பரீட்சை

கொல்லிமலையிலிருந்து சேந்தமங்கலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவளுடைய அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஜெர்மனியில் நர்ஸ் என்பது பேச்சில் தெரிந்தது.

“பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட, பரீட்சை இருக்குது, கெளம்பிட்டான்னு சொல்லிருங்க அத்தை.”

“நீதான் போன வருசமே பாசாயிட்டியே கண்ணு?”

“எனக்கில்லீங்க, மேரிக்கு. இங்க எங்கூட நர்சா வேலை பார்த்தவங்க. ஜெர்மனியில ரெண்டு தடவை பெயிலாயிட்டா. இந்தத் தடவையும் பெயிலானா ஊருக்கு அனுப்பிருவாங்க.”

“அதுக்கு நீ எதுக்குப் போகோணும்?”

“பரீட்சையில நோயாளிகிட்ட ஜெர்மன் பாஷையில பேசிக் காட்டோணும், அது அவளுக்கு வாயில வரமாட்டேங்குது. நான் நோயாளி மாதிரி படுத்துக்கிட்டு, அவளைப் பேச வெச்சுப் பழக்கோணும். என்னையும் ஒருத்தி அப்படித்தானுங்க பழக்குனா.”

பஸ் வளைவில் திரும்பியது. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா?”

“போகட்டுங்க. மேரி திரும்பி வரக்கூடாது.”