மருதாணிப் புறாவும் வயிற்றுக் கரணமும்

ரயில் வராத காலம். வந்திருந்தாலும் ஏறிப் போக யாருக்கும் அவசரம் இல்லாத காலம். அந்தக் காலத்தில் சருகணேரி என்று ஓர் ஊர், அந்த ஊரின் மேலத் தெருவில் மீராக்கனி ராவுத்தர் என்று ஒருவர் இருந்தாராம். புறா வளர்ப்பவர்.

எப்பேர்ப்பட்ட புறா? கரணப் புறா. மேகத்தைத் தொட ஏறும். ஏறி நின்று, தலையைப் பின்னால் எறிந்து மல்லாக்கப் புரளும். ஒன்று அடிக்கும், ஒட்டினாற்போல் இன்னொன்று அடிக்கும், கைதவறிய நூல்கண்டு மாதிரி உருண்டு உருண்டு இறங்கும். பார்க்கிறவன் மூச்சு விட மறந்துவிடுவான். பனை உயரத்துக்கு வந்ததும் சட்டென்று நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஓட்டின்மேல் உட்காரும். சந்தைக்குப் போகிற மாடெல்லாம் நின்று அண்ணாந்து பார்க்குமாம். மாட்டுக்காரன் சொன்னது. மாட்டைக் கேட்க முடியாது.

எல்லாம் சரி, நிறம்தான் சரியில்லை. ஒன்று அடுப்புச் சாம்பல், ஒன்று சேறு, இன்னொன்று என்னவென்றே சொல்ல முடியாது.

ஒரு பெருநாள் அன்று மச்சினன் பக்கீர் விருந்துக்கு வந்தான். அவனும் புறாக்காரன்தான். சந்தன நிறத்தில் ஒரு ஜோடியைக் கூடையில் கொண்டுவந்து அக்காள் முன்னால் திறந்து வைத்தான்.

“இது கரணம் அடிக்குமா மாப்ளே?” என்றார் ராவுத்தர்.

“இது எதுக்கு மச்சான் அடிக்கணும்? இது உக்காந்தாலே போதும். உங்க புறா மேல இருக்கிற வரைக்கும் ராஜா. கீழ வந்து உக்காந்தா, யாரோ சாணியைத் தட்டி ஓட்டுமேல வச்ச மாதிரில்ல இருக்கு!”

விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ராவுத்தர் மனைவி சுலைகாவும் சிரித்துவிட்டாள். அதுதான் அவருக்குச் சுட்டது.

மறுநாளே ஆரம்பித்தாராம். மருதாணி வைத்துக் கழுவிய உள்ளங்கை இருக்கிறதல்லவா, அந்த நிறத்தில் ஒரு புறா பிறக்க வேண்டும். அதுதான் அவர் வைராக்கியம். குஞ்சுக்கு இறகு முளைத்ததும் வெயிலில் பிடித்துப் பார்ப்பார். செம்மை ஓடினால் கூண்டுக்கு. சாம்பல் தட்டினால் குழம்புக்கு. அது ஆகாயத்தில் என்ன செய்யும் என்று பார்க்கவே மாட்டார். சிவப்போடு சிவப்பை ஜோடி போட்டார். பிறந்த சிவப்பை இன்னும் சிவந்ததோடு ஜோடி போட்டார். நிறம் ஒரு படி ஏறும், கரணம் ஒரு படி இறங்கும். நிறம் இன்னொரு படி ஏறும், கரணம் இன்னொரு படி இறங்கும்.

கடைசியில் பிறந்தது ஒரு பெட்டை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை மருதாணி. சுல்தானா என்று பெயர் வைத்தார். வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்று அதை ஒருநாளும் பறக்க விட்டதில்லை. மற்ற புறாக்கள் ஏறின, வட்டமிட்டன, ஓலை விசிறி மாதிரி நேராக இறங்கின. ஒன்றாவது புரள வேண்டுமே? கிடையாது. கரணம் அந்த ரத்தத்தை விட்டே போய்விட்டது.

போனது எங்கே போகும்? அதை அவர் யோசிக்கவில்லை.

ஒரு சாயங்காலம், புறாவைத் திறந்துவிடும் நேரம். ஓட்டின்மேல் நடந்துகொண்டிருந்த பூனை நின்றது. தலையைப் பின்னால் எறிந்தது. மல்லாக்க ஒரு கரணம் அடித்தது. அடித்துவிட்டு, தன்னை யாரோ தள்ளிவிட்ட மாதிரி ராவுத்தரையே பார்த்தது. அவர் சிரித்தாராம். அடுத்த சாயங்காலம் முற்றத்தில் மேய்ந்த கோழி அடித்தது. அதற்கடுத்த நாள், காற்றே இல்லை, நடைவாசலில் காயப்போட்டிருந்த கூடை தானாக எழும்பிப் புரண்டு கவிழ்ந்தது. அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டின்மேல் ஆரம்பித்தது முற்றத்துக்கு இறங்கி, இப்போது நடைவாசலுக்கு வந்திருந்தது.

சுலைகா அப்போது நிறைமாதம். மறுநாள் அதே நேரம் அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏங்க, கொஞ்சம் வாங்க. கைய வையுங்க இங்கே.”

வைத்தார். உள்ளே பிள்ளை புரண்டது. பிள்ளை புரள்வது உலக வழக்கம்தானே? ஆனால் இது ஒன்று அடித்தது, ஒட்டினாற்போல் இன்னொன்று, ஒட்டினாற்போல் இன்னொன்று. அவர் கைக்கு அந்தத் தாளம் தெரியும். எத்தனை வருஷம் கீழே நின்று பார்த்த தாளம்! கையை இழுத்துக்கொண்டார்.

மருத்துவச்சி குருவம்மா வந்து தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. “ராவுத்தரே, இப்படியே சுத்துனா கொடி கழுத்துல சுத்திக்கிரும். எங்கிட்ட இதுக்கு மருந்து இல்லை” என்றாள்.

பக்கீரும் ஓடிவந்தான். “மச்சான், நான் வெளையாட்டுக்குச் சொன்னதுதானே?” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சுலைகா சுவரைப் பிடித்துக்கொண்டு பேசினாள். “அழுதது போதும் தம்பி. ஏங்க, கேட்டுக்கங்க. நீங்க தொரத்திவிட்டது போக்கிடம் இல்லாம வீட்டைச் சுத்தி வந்துச்சு. இப்ப எம் பிள்ளைகிட்ட தங்கிருச்சு. ஏதாவது ஒரு புறா உடம்புல அதுல ஒரு சொட்டாவது மிச்சம் இருக்கும். தேடி எடுத்துப் பறக்க விடுங்க. தன் எடம் தெரிஞ்சா அது போயிரும்.”

“எதுன்னு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே நிறம்!”

“பாத்துப் பாத்துத்தானே கெடுத்தீங்க? கண்ணைக் கட்டிக்கிட்டுத் தேடுங்க.”

தன் துப்பட்டியில் ஒரு முனையைக் கிழித்து அவளே அவர் கண்ணைக் கட்டினாளாம்.

ராவுத்தர் தடவித் தடவிக் கூண்டுக்குள் போனார். ஒவ்வொரு புறாவாகக் கையில் எடுத்தார். நெஞ்சு துடிக்கிறது, சூடு இருக்கிறது, அவ்வளவுதான். வைத்தார். அடுத்தது. அதுவும் அப்படித்தான். அடுத்தது. மூலையில் கை போனபோது ஒரு புறா அகப்பட்டது. அகப்பட்டதும் அதன் முதுகெலும்பில் சொடுக்கினாற்போல் ஒரு வெட்டு வெட்டியது, கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்தது. பழைய புறா எல்லாம் பறக்குமுன் கையில் இப்படித்தான் வெட்டும்.

கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தார். சுல்தானா.

உள்ளே சுலைகா அலறினாள். ராவுத்தர் என்ன செய்தார்? புறாவைத் திரும்ப மூலையில் வைத்தார்.

“என்ன மச்சான் வச்சிட்டீங்க?” என்று பக்கீர் கத்தினான்.

“சரியாப் பாக்கல மாப்ளே. இன்னொருக்கா தேடுறேன்.”

கண்ணைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கத்து மூலையிலிருந்து ஆரம்பித்தார். முதலில் கையில் வந்ததே வெட்டியது. அவிழ்த்தார். சுல்தானா. அந்த மூலையில் வைத்தது இந்த மூலைக்கு எப்படி வந்தது? அது நகர்ந்ததைப் பார்க்கவில்லை என்று பக்கீர் சாகும் வரை சத்தியம் பண்ணினான். புறா அவரைப் பார்த்த பார்வையில் பறவைப் பார்வையே இல்லையாம்.

உள்ளே அலறலும் நின்றுவிட்டது. அந்த அமைதியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஓடிவந்து தெருவில் நின்று, சுல்தானாவை இரண்டு கையாலும் வானத்துக்கு எறிந்தார்.

ஒருநாளும் பறக்காத புறா. ஏறிற்று. ஏறி ஏறி மஞ்சள் வெயிலில் ஒரு தீப்பொறி அளவுக்குப் போயிற்று. அங்கே தலையைப் பின்னால் எறிந்தது. முதல் கரணம்.

“நின்னுருச்சு! பிள்ளை சுத்துறது நின்னுருச்சு!” என்று குருவம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

புறா நிற்கவில்லை. அத்தனை தலைமுறைக்கும் பாக்கி நின்ற கரணத்தையெல்லாம் அது ஒன்றே அடித்தது. உருண்டு உருண்டு வந்தது. மேகத்தைக் கடந்தது, பனை உயரத்துக்கு வந்தது. நிமிரவில்லை. தெருவே வாயைப் பிளந்து நின்றது. ராவுத்தர் தோள் துண்டை விரித்துக்கொண்டு அடியில் ஓடினார். நேராகத் துண்டுக்குள்தான் வந்தது, எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் துண்டு கனக்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. இறகுகூட இல்லை. துண்டு மட்டும் அவர் கையில் ஒருமுறை முறுக்கிப் புரண்டதாம்.

அதே நேரம் வீட்டுக்குள் பிள்ளை அழுதது. ஆண் பிள்ளை. கழுத்தில் கொடி இரண்டு சுற்று தளர்ந்து கிடந்தது. குருவம்மா கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். மூடியிருந்த விரல்களைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் மருதாணிச் சிவப்பு. எத்தனை குளியலுக்கும் போகவில்லை.

அந்தப் பிள்ளை வழியில் வந்தவர்கள்தான் மேலத் தெருவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். தெருவின் பெயர் இப்போது கரணத் தெரு, அவர்கள் கூண்டுப் புறாக்களெல்லாம் மறுபடி கரணம் அடிக்கின்றன. அங்கே ஒரு பெண்ணுக்கு நிறைமாதம் ஆகிவிட்டால், ஒரு சாயங்காலம் அவளைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுவருவார்கள். புருஷன் கண்ணைக் கட்டிக்கொண்டு கூண்டுக்குள் போவான். முதலில் கையில் வெட்டுகிற புறாவை, அது என்ன நிறமாக இருந்தாலும், மறுபேச்சில்லாமல் மேலே எறிந்துவிட வேண்டும். அது முதல் கரணம் அடித்ததும் அவள் வானத்தைப் பார்த்து, “போதும்!” என்று உரக்கச் சொல்வாள். புறா நிமிர்ந்து இறங்கிவிடும். மீராக்கனிக்கு அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லையாம்.