காலரின் உள்பக்கம்

இந்த ஏர்கோனைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது. எனக்கு முட்டி வலி. முப்பத்தோரு வருஷம் செம்பனைக் காட்டில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கிய முட்டி. முடியாதென்றால் பரவாயில்லை, சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். பெயர் அம்சவள்ளி. வாக்குமூலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கேள்வி வேண்டாம், எனக்குப் பிடிக்காது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் லோகேஸ்வரி, இளையவன் தீபன். அவர்கள் அப்பா செத்தபோது தீபனுக்கு நாலு வயது. லோகேஸ்வரி வளர்ந்து, கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகும் படகுக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. யார் தயவும் வேண்டாத பெண். தீபனுக்கு நான் வேண்டும். இது உங்களுக்குப் புரிந்தால் மற்றதும் புரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை டெரல் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தான். ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், லோகேஸ்வரி கட்டிக்கொள்ளவிருந்தவன். கல்யாணப் பதிவுக்கு நாள் வாங்கியாகிவிட்டது, பத்தாங் காலியில் வீடும் பார்த்தாகிவிட்டது என்றான். கேட்க வரவில்லை, சொல்ல வந்தான். போகும்போது வேலித் தகரம் அவன் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நான்தான் மருந்து ஊற்றிக் கழுவிக் கட்டுப் போட்டேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான். ரத்தம் துடைத்த கைலித் துணியைக் குப்பை வாளியில் போட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன்.

மதியம் ஒன்றரைக்குத் திரும்பியபோது தீபன் குசினியில் அடுப்போரம் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, என் ரூம்ல இருந்த தூளை அக்கா பாத்துட்டா. போலீசுக்குப் போறேன்னா. சும்மா கழுத்தத்தான் புடிச்சேன்லா. இப்ப எந்திரிக்க மாட்டேங்கிறா."

அவன் போதைத் தூள் விற்பது எனக்கு முன்பே தெரியும். திருந்தக்கூடிய வயதுதான்.

"குளிச்சிட்டுப் பின்பக்கமாப் போ. சுங்கை பஞ்சாங்ல கூட்டாளி வீட்டுல இரு. நான் பாத்துக்கிறேன்" என்றேன். போய்விட்டான்.

அவள் கிடந்த அறைக்குள் நான் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு லோகேஸ்வரியின் விரல்களைச் சோப்புப் போட்டு, நகத்தடியைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். நகத்தில்தான் முதலில் தேடுவார்கள் என்று டிவி நாடகத்தில் பார்த்திருக்கிறேன். குப்பை வாளியில் கிடந்த அந்தக் கைலித் துணியை எடுத்து, லேசாக நனைத்து, அவள் வேலைச் சட்டையின் மார்பிலும் கையிலும் தேய்த்தேன். நகத்திலும் கொஞ்சம். துணியை எரித்துவிட்டு வெளியே வந்து அலறினேன். அந்த அழுகை பொய்யில்லை. அதையும் எழுதுங்கள்.

கோர்ட்டில் அரசாங்கக் கெமிஸ்ட் வந்து டிஎன்ஏ அறிக்கை படித்தார். அது டெரல் ரத்தம் இல்லாமல் இருக்கப் பல கோடியில் ஒரு வாய்ப்புத்தான் என்றார். அந்த எண்ணைக் கேட்டதும் எல்லாரும் நம்பிவிட்டார்கள். டெரல் மட்டும் சொன்னான், காலையில் கை கிழிந்தது, ஆன்ட்டிதான் கட்டுப் போட்டார் என்று. என்னைக் கேட்டார்கள். அன்றைக்கு அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை என்றேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் குறுக்கே கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. தூக்கு என்றார்கள். பிறகு சட்டம் மாறி, முப்பது வருஷமாகக் குறைத்தார்கள்.

அவன் அம்மா மாடில்டா மாதம் ஒரு தடவை வந்து என் வேலியோரம் நிற்பாள்.

"உன் மக மேல சத்தியம் பண்ணு அம்சவள்ளி. அன்னிக்குக் காலையில எம்புள்ள வரலியா?"

"வரல. லோகேஸ்வரி மேல சத்தியமா வரல. போ."

ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. அவளாவது மகனை ஜெயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்க்கலாம். எனக்கு மகளே இல்லை. என்னிடம் வந்து அழ அவளுக்கு என்ன துணிச்சல்.

அவள்தான் துளசி என்ற அந்த வக்கீலைப் பிடித்தாள். ஒன்பது வருஷமாகப் பழுப்புக் காகிதப் பையில் கிடந்த லோகேஸ்வரியின் சட்டையை வெளியே எடுக்க வைத்தது அவர்தான். எல்லாரும் ரத்தம் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். அவர் ரத்தம் இல்லாத இடத்தைச் சோதிக்கச் சொன்னார். காலரின் உள்பக்கம். அதைக் கழுவ எனக்குத் தோன்றவில்லை. அங்கே ஓர் ஆணின் வியர்வை இருந்ததாம். டெரலுடையது இல்லை, செத்தவளோடு கூடப்பிறந்தவனுடையது. ரத்தக் கறையில் காயம் கழுவும் மருந்து கலந்திருந்ததையும் கண்டுபிடித்தார்கள். போன மாதம் டெரல் வெளியே வந்தான். நீங்கள் தீபன் வாயில் பஞ்சை விட்டு எச்சில் எடுத்தீர்கள், பொருந்தியது. இப்போது கொலைகாரன் தீபன் என்கிறீர்கள்.

தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் டிஎன்ஏ காகிதம் யார் தொட்டார்கள் என்று சொல்லும். அவள் எப்போது செத்தாள் என்று அதற்குத் தெரியாது.

தீபன் போன பிறகு லோகேஸ்வரி கண்ணைத் திறந்தாள். "அம்மா, தண்ணி" என்றாள். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அவன நான் விடமாட்டேம்மா, ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றாள். நான் கெஞ்சினேன். கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரி. தலையணை பக்கத்திலேயே இருந்தது. முகத்தில் வைத்து அமுக்கினேன். பலசாலி, நேரம் பிடித்தது. கழுத்தில் விரல் தடம் இருந்ததால் மூச்சடைத்துச் செத்தாள் என்று எழுதி அதோடு விட்டுவிட்டார்கள். தலையணையில் என் முடியும் எச்சிலும் இருந்தது முதல் அறிக்கையிலேயே இருக்கிறது. புரட்டிப் பாருங்கள். வீட்டுக்காரியுடையது வீட்டில் இருக்காதா என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஒன்பது வருஷமாகத் தீபன் தான்தான் கொன்றதாக நினைத்துக்கொண்டிருந்தான். நான் திருத்தவில்லை. அந்தப் பயத்தில்தான் தூளை விட்டான், வேலைக்குப் போனான், மனுஷனானான். நேற்று லாக்கப்பில் அவனைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். "நீ என் அம்மா இல்ல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கோபம் ஆறினால் சரியாகிவிடும். லோகேஸ்வரி மட்டும் இருந்திருந்தால் அவளே அவனுக்கு எடுத்துச் சொல்லியிருப்பாள், அம்மா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவில் என்றைக்கும் வித்தியாசம் பார்த்ததில்லை என்று.