பெயரிடப்படாத கடல் நுண்ணுயிர்

ஆரியசாலைத் தமிழ் மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, சாலைக் கடைகளை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, பாறசாலையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்லபாய் அம்மா அவர்களே, வணக்கம்.

அம்மா, மறைந்த உங்கள் மகள் முனைவர் ராகேலைப் பற்றி நான் என்ன பேசுவேன்? ஒரே ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் நான்.

விழிஞ்ஞம் கடலடியிலிருந்து அள்ளிவந்த சேற்றில் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார் ராகேல். கண்ணாடித் தட்டில் குங்குமப் பொட்டுப் போல வளர்ந்தது. அறிந்த எந்த இனத்தோடும் அது சேரவில்லை. மரபணுவை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்; பொருந்தவில்லை.

"அழகியநம்பி சார், இது புதுசுதான். ஆனா இன்னும் ஒருக்க நோக்கிட்டுச் சொல்லுவோம்" என்றார் என்னிடம். ஊருக்கெல்லாம் சொல்லத் துடிக்கும் நேரத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொன்னவர் நம் ராகேல்!

புதிய இனத்துக்குப் பெயர் வைக்க ஒரு விதி உண்டு. அதன் உயிருள்ள வளர்ப்பை இரண்டு நாடுகளின் காப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். அந்த வேலையில் இருந்தபோதுதான் ரத்தப் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அதன்பிறகு அந்த உயிர் எங்கள் கையில் வளரவே இல்லை. குளிர்பெட்டியில் சேமித்து வைத்திருந்ததும் உயிர்பெறவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"வளந்துச்சா சார்?"

"இல்லம்மா."

"உப்பக் கொஞ்சம் குறச்சுப் பாருங்க. அவசரப்படாண்டாம்."

குறைத்தோம். கூட்டினோம். கடல்நீரையே ஊற்றினோம். வளரவில்லையே! மறுபடி போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டு சார், விட்டிருங்க" என்றார். ஆறுதல் சொல்லப் போனவனுக்கு அவர் ஆறுதல் சொன்னார்.

அடக்கம் முடிந்தபின் ஒருநாள் செல்லபாய் அம்மா ஆய்வுக்கூடத்துக்கு வந்து என்னிடம் கேட்டார்கள்.

"மக்களே, எம்பிள்ள கண்டுபிடிச்சத ஒருக்க காட்டு."

படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"படம் வேண்டாம் மக்களே. உசிரோட இருக்கதக் காட்டு."

எதைக் காட்டுவேன்? மருத்துவர்களால் மகளைக் காக்க முடியவில்லை. எங்களால் அந்தத் துளி உயிரைக்கூடக் காக்க முடியவில்லையே!

நண்பர்களே, மழை ஓய்ந்து கடல் அடங்கியதும் அதே இடத்துக்குப் படகில் போவோம். சேற்றை அள்ளி வருவோம். கிடைத்தால் அதற்கு ராகேலின் பெயர்தான்! கிடைக்குமா? ஒரு பிடிச் சேற்றுக்குள் எத்தனை கோடி உயிர்கள்! அவர் கண்ணில் பட்டது எங்கள் கண்ணில் படுமா? தெரியாது. கிடைக்காவிட்டால் மறுபடியும் போவோம்.

அம்மா, இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.