சம்பந்தியின் நாக்கு

ஹலோ… ஆமா மாமி, வெங்கடசுப்ரமணியன் ஃபோன்தான். பேசுறது அவன் இல்ல, அழகியநம்பி. சாலை பஜார்ல அரிசிக்கடை… ஆ, அந்த நம்பியேதான்… இல்ல இல்ல, பையனோட அப்பா எங்கயும் ஓடிப் போகல்ல. எனக்கு எதிர்ல உக்காந்திருக்கான். ஃபோனை எடுத்து என் கையில திணிச்சதே அவன்தான்.

…பேச மாட்டேன்னு இல்ல மாமி, பேச முடியல்ல. நாக்கு மரத்துப்போச்சு… அய்யோ, ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம்! சாப்பாட்டுனால வந்ததுதான். நானும் அவனும் எங்க சிநேகிதன் சுதீஷும் சைனாக்காரன் சாப்பாடு சாப்பிட வந்தோம். வழுதக்காட்டுல புதுசா தொறந்திருக்கே… அதே, அதே, அந்த செஸ்வான் கடை. இந்தா, முறைக்கான். செஸ்வான்னு சொல்லப்படாதாம், சிச்சுவானாம். வந்ததுலேருந்து சப்ளையர் லிஜோவுக்கு இதே பாடம்தான்.

…டோஃபு வந்துது மாமி. சுத்த சைவம், நம்ம பன்னீருக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மேல ஏதோ ஒரு மிளகு. 'சாரே, அதை ஒதுக்கி வச்சிட்டு சாப்பிடணும், நாக்கு தரிச்சு மரத்துப் போகும்'னு லிஜோ சொல்லத்தான் செய்தாரு. இவன் கேட்டாத்தானே? 'செங்டூல கொழந்தைகளுக்கே இதைத்தான் குடுப்பா'ன்னு கரண்டியால அள்ளிப் போட்டு சவச்சான்… ஆமா, சைனாவுல அந்தச் செங்டூவுக்குப் போன வருஷம் போனான்ல்லா, கான்ஃபரன்சுக்கு. நாலு நாளும் அங்க தின்னது என் கடை அவலும் புளிக்காய்ச்சலும். அது எனக்குத்தானே தெரியும்!

…சிரிக்கது சுதீஷ். நான் சிரிக்கல்ல.

…தெரியும் மாமி. இன்னைக்கு ஏழு மணிக்குள்ள முடிவு சொல்லுகேன்னு இவன்தான் சொன்னான்… ஆமா… ஆமா, உங்க பொண்ணு பத்மப்ரியாவும் இவன் பையன் மஹேஷும் மூணு மாசமா இவன் வாயையே பாத்துக்கிட்டு… நியாயம். இன்னைக்கும் பதில் இல்லேன்னா கல்யாணமே வேண்டாம்னா, அதுவும் நியாயம்… அய்யோ, வச்சிராதீங்க! நான் இருக்கேன்ல்லா? நீங்க கேளுங்க. அவன் சொல்லுகதை நான் எடுத்துச் சொல்லுகேன்.

…மொதல்ல மண்டபம். செரி. லே வெங்கடு, கோயில்ல தாலி கட்டி, நூறு பேருக்கு இலை போட்டாப் போதும்ங்காங்க. உனக்கு ஆயிரம் பேர் உக்காருக கன்வென்ஷன் சென்டர்தான் வேணுமா?… என்னது?… 'ஆ… ஆவ்…' மாமி, கோயில்லயே ஆகட்டும்ங்கான்.

…பத்திரிகையா? அவன் பேருக்குக் கீழே பதினோரு வரி பட்டம். முன்னாள் தலைவர், முன்னாள் செயலாளர், ரெண்டும் ஒரே குடியிருப்போர் சங்கம்… லே, இதை என்ன செய்ய?… ரெண்டு கையையும் வீசுகான் மாமி. எல்லாத்தையும் வெட்டி எறியணுமாம்.

…கல்யாணத்துல இவனோட அரை மணி நேர வரவேற்புரை, ஆமா, எனக்கும் வாசிச்சுக் காட்டினான்… மேசையைத் தட்டுகான், அதுவும் வேண்டாமாம். கண்ணுல பொலபொலன்னு தண்ணி… மிளகா? சே சே. மனசு இளகிட்டு மாமி, அதான்.

…இன்னும் ஒண்ணா? ஆ… மனசிலாச்சு. பத்மப்ரியா வேலை.

…இல்ல மாமி. இதுல நான் விளையாட மாட்டேன். பிள்ளை ஆசைப்பட்டு பொன்முடி மலைக்குப் போய், எஸ்டேட் ஜனங்களுக்கு வைத்தியம் பாக்குது. டவுன்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் மருமகள்னு சொல்லிக்க கௌரவமா இருக்கும்னு இவன் பிடிவாதம். இதுக்கு அவனே தலையாட்டட்டும். வெங்கடு, இங்க பாரு. அந்தப் பிள்ளை அங்கயே டாக்டரா இருக்கட்டுமா?

…மாமி, கரண்டியைக் கீழ வச்சிட்டான்.

…என்னது, ஸ்பீக்கர்லயா?… அடடா, எப்பலேருந்து?… வீடு முழுக்கக் கேட்டுதா? 'இவ்வளவு பெரிய மனசா'ன்னு உங்க அண்ணா கண்ணைத் தொடைச்சாரா?… இருங்க, இருங்க, இதை இவன்கிட்ட சொல்லணும். லே, மொத்தக் குடும்பமும் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருக்கு. உன்னை மாதிரி பெரிய மனுஷனைக் கண்டதே இல்லியாம்!

…மாமி, நெஞ்சு நிமிருது. சட்டைக் காலரை நேராக்குகான்… ஆட்டிட்டான்! தலையை ஆட்டிட்டான் மாமி! சத்தியமா இது என் கைவேலை இல்ல, சுதீஷ் சாட்சி… அழாதீங்க மாமி… ஆமா… ஆமா, பத்மப்ரியாகிட்ட சொல்லுங்க, மாமா சம்மதிச்சிட்டாருன்னு.

…அய்யோ. 'வாழை'ங்கான். 'பழம்'ங்கான். எங்களுக்கெல்லாம் ழகரம் திருத்துகவன்ல்லா, அதை வச்சுத்தான் நாக்கைப் பரீட்சை பண்ணுகான். நாக்கு வந்துட்டு மாமி, சட்டுனு ஃபோனை… இல்ல, மாத்த மாட்டான். உங்க அண்ணா வேற கண்ணைத் தொடைச்சிட்டாரே… என்னலே?… கேட்டுதா மாமி? இந்த முடிவை எல்லாம் செங்டூலயே எடுத்துட்டானாம். நாமதான் அவனைச் சொல்ல விடல்லியாம்… அவன் செங்டூ போனப்போ கல்யாணப் பேச்சே தொடங்கல்லன்னு நீங்க சொல்லுகது சரிதான். அதை அவன்கிட்ட கேக்காதீங்க.

…லே, பிடுங்காத! மாமி, அவன் உங்ககிட்ட ரெண்டு வார்த்தை… ரெண்டு வார்த்தை இல்ல, அந்த வரவேற்புரையை இப்பவே… 'பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த சம்பந்தி அவர்களே'ன்னு எந்திரிச்சே நின்னுட்டான்… மாமி?… ஹலோ?…

வச்சிட்டாங்க. லே, உக்காரு, கட் ஆயிட்டு… கட் ஆயிட்டுன்னு சொல்லுகேன்ல்லா… லிஜோ! அந்த மிளகு இன்னும் கொஞ்சம் உண்டோ?