தேனி பஸ்சில் ஒரு சுருட்டைத் தலை

"இது முடியில்லடா, கம்பளி. மொட்டை போட்டாத்தான் சரிப்படும்."

போடியிலிருந்து தேனி போகும் பஸ்சில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் தன் தம்பியிடம் இப்படிச் சொன்னாள். இருவருக்கும் நடுவே தம்பியின் மகள், ஏழெட்டு வயசுப் பிள்ளை, தலையை மூடி இறுக்கிக் கட்டிய துணியோடு உட்கார்ந்திருந்தது.

"அவ அம்மா தலையும் அப்படித்தான்க்கா. ஆப்பிரிக்காவுல, அந்த மொம்பாசாவுல எல்லாருக்கும் அப்படித்தான்."

"அங்க சரி. தாயில்லாப் பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டு நீ மறுபடி கப்பலேறப் போறே. இந்தத் தலைய யாரு பாக்குறது? நேத்து சீப்பே ஒடிஞ்சுபோச்சு. போடியில ஒருத்திக்கும் இதுல சிக்கெடுக்கத் தெரியல. தேனியில பஸ்சு மாறி, வீரபாண்டிக் கோயில்ல முடிய எறக்கிருவோம்."

"வேணாம்க்கா. அவ அம்மா சாகுறவரைக்கும் பின்னிவிட்ட தலை."

அம்மாள் பிள்ளையின் தலைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிள்ளையிடம் கேட்டாள். "ஒங்கம்மா எப்படித்தா சிக்கெடுப்பா?"

"தண்ணி தொட்டு, நுனியிலேர்ந்து கையால பிரிப்பாங்க. சீப்பு கடைசியிலதான்."

அம்மாள் துணியை அவிழ்த்தாள். கையோடு கொண்டுவந்திருந்த செம்புத் தண்ணீரில் விரல்களை நனைத்துக்கொண்டாள்.

"வலிச்சா சொல்லு."

"சொன்னா நிறுத்துவீங்களா அத்தை? நேத்து நிறுத்தலையே."

"நிறுத்துறேன்."

சற்று நேரத்தில் பிள்ளை, "வலிக்குது" என்றது. அத்தையின் கை அப்படியே நின்றது. பிள்ளை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது.

"இப்ப எடுங்க."

தேனியில் இறங்கும்போது அம்மாள் தம்பியிடம், "போடிக்குத் திரும்புற பஸ்சு எப்பன்னு கேளு" என்றாள்.