பட்டன் இல்லாத சட்டை

அக்கா: கையை இறக்குடா. ஏன் இப்படி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கறே? உன்னை யாரும் சுடப் போறதில்ல.

வார்டன்: உங்க கையில சட்டையைப் பார்த்துட்டான்ல, அதாம்மா. மாட்டி விடுவாங்கன்னு நிக்கறான்.

அக்கா: மாட்டி விடறதா? யாரு?

வார்டன்: நான்தான். இந்த ரூமுக்கு வேற யாரு இருக்கா.

அக்கா: அண்ணே, என் தம்பிக்குத் தானாவே சட்டை போடத் தெரியும். ஆறு வருஷம் முன்னால இந்த ஹோம்ல கொண்டு வந்து விட்டப்ப அவனே போட்டுக்கிட்ட சட்டையோடதான் வந்தான். அஞ்சு பட்டன். கீழேருந்து மேல. ஒண்ணு மாறாது.

வார்டன்: தெரியும்மா. ஃபைல்லயே இருக்கு.

அக்கா: ஃபைல்ல இருந்து என்ன? இப்ப முப்பத்தொம்பது வயசு ஆம்பளை, குளிப்பாட்டக் காத்திருக்கற குழந்தை மாதிரி நிக்கறான். பாருங்க, இன்னும் இறக்கல...

வார்டன்: ராசா, கையைக் கீழ போடு. போதும்.

சின்னவன்: கையைத் தூக்கு. தலையை விடு. முடிஞ்சுது. அடுத்த ஆளு.

அக்கா: இது யாரு குரல்?

வார்டன்: ...என்னோடதுதான்.

அக்கா: நல்லா இருக்கு. அச்சு அசல்.

வார்டன்: இவன் யாரை விட்டான்? எங்க சமையல்காரம்மா குரல்ல இவன் திட்டினா பூனை கூட ஓடுது. சொந்தமா ஒரு வார்த்தை பேசறதில்ல. யாரோ எப்பவோ சொன்னதை அப்படியே வெச்சிருந்து...

அக்கா: எனக்கே சொல்றீங்களா? பொறந்ததுலேருந்து பார்க்கறேன்.

வார்டன்: அதுவும் சரிதான்.

சின்னவன்: அதிகாரி வர்றார். எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கணும். புது பெட்ஷீட் மேல எவனும் உட்காரக் கூடாது.

அக்கா: அட! இது உங்க மேனேஜர்!

வார்டன்: ஐயோ, மெதுவா... கதவு தெறந்திருக்கு.

அக்கா: அதான் எல்லாரும் தரையில உட்கார்ந்திருக்காங்களா? பதினாலு கட்டில், பதினாலு புது விரிப்பு, பதினாலு பேரும் கீழ. பேஷ்.

வார்டன்: சாயங்காலம் விரிப்பை எடுத்துடுவாங்க. அப்புறம் ஏறிக்கலாம்.

அக்கா: இவன் சிரிக்க வைக்கறான், நீங்க அழ வைக்கறீங்க. அண்ணே, மாசா மாசம் வர்றேன். முன் ரூம்லயே உட்கார வெச்சு அரை மணி நேரத்துல அனுப்பிடறீங்க. இன்னிக்கு சோதனை பண்ண அதிகாரி வந்திருக்கார்னு உள்ள விட்டிருக்கீங்க. அதனாலதான் இதையெல்லாம் பார்க்கறேன். இதுவரைக்கும் பதினொரு சட்டை குடுத்திருக்கேன், எல்லாம் பட்டன் வெச்சது. ஒரு தடவையாவது போட்டு விட்டீங்களா? எப்பக் கேட்டாலும் தோய்க்கப் போட்டிருக்கு.

வார்டன்: அது வந்து...

அக்கா: வந்து?

வார்டன்: ஏழு மணிக்கு மணி அடிக்கும். ஏழே முக்காலுக்கு எல்லாரும் தட்டு முன்னால உட்கார்ந்திருக்கணும். பதினாலு பேரு, ஒரு பாத்ரூம், நான் ஒருத்தன். கணக்குப் பண்ணிக்கோங்க. ஆளுக்கு மூணு நிமிஷம். பல்லு, குளியல், துணி எல்லாம் சேர்த்து. அதனால எல்லாருக்கும் ரப்பர் வெச்ச பேன்ட், தலை வழியா மாட்டற பனியன். இவன் அஞ்சு பட்டன் போட இருபது நிமிஷம் ஆகும்.

அக்கா: அந்த இருபது நிமிஷத்துக்காக நான் ரெண்டு வருஷம் உட்கார்ந்தேன். அம்மா போனதுக்கு அப்புறம் நானும் இவனும் மட்டும்தான். தினம் காலையில, பக்கத்துல உட்கார்ந்து, ஒரு சொல் கடிஞ்சு பேசாம... அவன் விரலைப் பிடிச்சு... என்ன, தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

வார்டன்: ஒண்ணுமில்ல. அந்தச் சட்டையை மறுபடியும் பையில வெச்சுடுங்கம்மா.

அக்கா: ஏன்? எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. இன்னிக்கு நானே உட்கார்ந்து போட வைக்கறேன். வாடா. இங்க பாரு, நீலச் சட்டை. உனக்குப் பிடிச்ச கலர்.

வார்டன்: வேண்டாம்மா.

அக்கா: ஏன் காதைப் பொத்திக்கறான்?

வார்டன்: ஆளுங்க சத்தம்...

அக்கா: இங்க எங்க சத்தம்? எல்லாரும் மந்திரிச்சு விட்ட மாதிரி கம்முனு கெடக்கறாங்க. ஆமா, அதையும் கேக்கணும். பகல் பன்னெண்டு மணி தாண்டியும் ஏன் இவ்வளவு பேரு தூங்கி வழியறாங்க?

வார்டன்: சாயங்காலம் ஆறரைக்குத் தூக்க மாத்திரை. மறுநாள் மதியம் வரைக்கும் அசதி இருக்கும்.

அக்கா: எல்லாருக்குமா?

வார்டன்: டாக்டர் எழுதினது நாலு பேருக்கு.

அக்கா: குடுக்கறது?

வார்டன்: பதினாலு பேருக்கும்.

அக்கா: குடுக்கறது யாரு அண்ணே?

வார்டன்: நான்தான். கேட்டா, ராத்திரிக்கு ஆள் இல்லங்கறாங்க. மூணு தடவை எழுதிக் குடுத்தேன். "உனக்கு முடியலன்னா சொல்லு, வேற ஆளைப் பார்த்துக்கறோம்"னாங்க. நீங்க திட்டுங்க. திட்டு வாங்கி வாங்கி எனக்கு மரத்துப் போச்சு.

அக்கா: திட்ட வரல. இவன் அழுதா என்ன பண்ணுவீங்க? அதை மட்டும் சொல்லுங்க. வீட்டுல இருந்தப்ப அழுதா அடங்க மாட்டான். கையைக் கடிச்சுக்குவான்.

வார்டன்: பக்கத்துல உட்காருவேன். முதுகைத் தட்டிக் குடுப்பேன்.

அக்கா: ஏதாவது சொல்லுவீங்களா?

வார்டன்: சொல்லுவேன்... அழாத, அக்கா வருவாங்கன்னு சொல்லுவேன்.

அக்கா: அடங்கிடுவானா?

வார்டன்: அடங்கிடுவான்.

அக்கா: ம்... அது போதும் எனக்கு. சரி, வாடா. கையை விடு. இந்தா, இந்த ஒரு பட்டன் மட்டும். கடைசிப் பட்டன்லேருந்து ஆரம்பி. உனக்குத் தெரியும்ல?

வார்டன்: அம்மா, சொன்னாக் கேளுங்க, வேண்டாம்...

சின்னவன்: நீயும் கூடவே போய்த் தொலைஞ்சிருக்கலாம்ல.

வார்டன்: சட்டையைக் குடுங்க இப்படி.

சின்னவன்: போய்த் தொலைஞ்சிருக்கலாம்ல. போய்த் தொலைஞ்சிருக்கலாம்ல.

அக்கா: யாரு... யாரு இப்படிச் சொன்னது இவன்கிட்ட?

வார்டன்: விடுங்கம்மா.

அக்கா: விடறதா? செத்துப் போன்னு ஒருத்தர் இவன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காங்க, விடறதா? பட்டன் போகட்டும், பனியன் போகட்டும். இதை விட மாட்டேன். வாசல்ல புகார் ஃபார்மும் பேனாவும் குடுத்தாங்க, ஒரு மணி வரைக்கும் அதிகாரி உட்கார்ந்திருப்பார்னாங்க. இதோ எழுதறேன். யாரு சொன்னது?

வார்டன்: எழுதணும்னா மூணு நிமிஷத்தை எழுதுங்க. மாத்திரையை எழுதுங்க. அதுக்குத்தான் நானே உங்களை உள்ள கூட்டிட்டு வந்தேன். நாங்க எழுதினா குப்பைக்குப் போகுது, சொந்தக்காரங்க எழுதினாதான் ஆள் போடுவாங்க. இது வேண்டாம்.

அக்கா: யாருன்னு கேட்டேன். நீங்களா?

வார்டன்: ...ஆமா. நான்தான்னு வெச்சுக்கோங்க.

அக்கா: வெச்சுக்கறதா?

வார்டன்: நான்தான். ஒரு நாள் முடியல. வாய் தவறிடுச்சு.

அக்கா: சரி.

வார்டன்: சரி.

அக்கா: "யார் மேல் புகார்"னு கேட்டிருக்கு. உங்க பேரை எப்படி எழுதறது?

வார்டன்: வார்டன்னு போட்டாலே போதும்மா. ஒரு ஆளுதானே.

அக்கா: வேலை போயிடும்.

வார்டன்: போகும்.

அக்கா: பரவாயில்லையா?

வார்டன்: பேனா எழுதுதா பாருங்க. அந்த வாசல் பேனாவெல்லாம் பாதி காய்ஞ்சது.

சின்னவன்: பஸ் போயிடும். போடுடா. பட்டனைப் போடு.

வார்டன்: ராசா, போதும். இங்க வா. என் பக்கத்துல வா.

சின்னவன்: இன்னிக்கும் லேட்டு. உன்னால தினம் லேட்டு. அம்மா போனப்ப நீயும் கூடவே போய்த் தொலைஞ்சிருக்கலாம்ல. போடுடா. பஸ் போயிடும்.

வார்டன்: தண்ணி குடிக்கறீங்களா?

அக்கா: உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?

வார்டன்: இவன் வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேருந்து. அன்னிக்கு எனக்கும் பொறுமை இருந்துச்சு, பட்டன் போடட்டும்னு உட்கார்ந்தேன். முதல் பட்டன்ல கை வெச்சதும் இந்தக் குரல் வந்துச்சு. அப்புறம் கையைக் கடிச்சுக்கிட்டான், ரத்தம் வர்ற வரைக்கும். மூணு நாள் பார்த்தேன். நாலாம் நாள் பட்டன் சட்டையெல்லாம் எடுத்து என் பெட்டியில வெச்சுட்டேன். அப்புறம் நீங்க குடுத்த பதினொண்ணும் அங்கதான் இருக்கு. மடிப்புக் கலையல.

அக்கா: அப்ப மூணு நிமிஷம்னு சொன்னது?

வார்டன்: அதுவும் பொய் இல்ல. மத்த பதிமூணு பேருக்கு அதான் காரணம். இவனுக்கும் இருபது நிமிஷம் இருந்திருந்தா, மெதுவா, வேற மாதிரி சொல்லிக் குடுத்து அந்தக் குரலை மறக்கடிச்சிருக்கலாம். எங்கேருந்து குடுப்பேன்?

அக்கா: எனக்கு முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சுடுச்சு அண்ணே.

வார்டன்: தெரியும்.

அக்கா: தெரிஞ்சுக்கிட்டேதான் உங்க பேரைக் கேட்டேன்.

வார்டன்: அதுவும் தெரியும்.

அக்கா: அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க? உங்களுக்கு என்ன தலையெழுத்து?

வார்டன்: பதினாலு பேர்ல மாசம் தவறாம ஆள் வர்றது இவன் ஒருத்தனுக்குத்தான். அந்தக் குரல் யாரோடதுன்னு நான் சொல்லி, அந்த வெக்கத்துல நீங்களும் வராம நின்னுட்டா? நான் போனா இன்னொருத்தன் வருவான். நீங்க போனா யாரு வருவா?

அக்கா: ஒரு பஸ் அண்ணே. எட்டு பத்துக்கு ஒரே பஸ். அதை விட்டா அரை நாள் வேலை போச்சு. கதவைப் பூட்டறதுக்குள்ள இவன் நாலாவது பட்டனைக் கழட்டிட்டு மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிப்பான்... நான் ராட்சசி இல்ல.

வார்டன்: இல்லம்மா.

அக்கா: சொன்ன உடனே மறந்துட்டேன். பஸ்ல ஏறினதும் மறந்துடுவேன். சாயங்காலம் வந்து தலையைத் தடவி சோறு போடுவேன். இவனும் மறந்திருப்பான்னு...

வார்டன்: இவனுக்கு மறக்கற வழி இல்ல.

அக்கா: ஆறு வருஷமா என் குரலை வெச்சுக்கிட்டு இருக்கான். அதுல இந்த ஒண்ணுதானா கெடைச்சுது? ராத்திரி எத்தனை கதை சொன்னேன், எத்தனை தடவை கொஞ்சினேன்... அதெல்லாம் எங்கடா போச்சு?

வார்டன்: அழாதீங்க. மணி பன்னெண்டே முக்கால் ஆகுது. அதிகாரி கிளம்பிடுவார். எழுதுங்க.

அக்கா: எந்த முகத்தை வெச்சுக்கிட்டு எழுதுவேன்?

வார்டன்: இதே முகத்தை வெச்சுக்கிட்டுதான். உங்க வீட்டுல ஒரு ஆளு, ஒரு பஸ்ஸு. இங்க ஒரு ஆளு, பதினாலு பேரு. ரெண்டு இடத்துலயும் இவனுக்கு இருபது நிமிஷம் குடுக்க ஆள் இல்ல. அதை எழுதுங்க. மாத்திரையை எழுதுங்க, குடுத்தது நான்னும் எழுதுங்க. அது உண்மை. அதுக்கு வேலை போனா போகட்டும்.

அக்கா: "யார் மேல் புகார்." ரெண்டு கோடுதான் விட்டிருக்காங்க.

வார்டன்: போதும்.

அக்கா: முதல் கோட்டுல என் பேரு.

வார்டன்: அம்மா...

அக்கா: குறுக்க பேசாதீங்க. ஒண்ணு, அக்கா. ரெண்டு... ரெண்டாவது கோடே தெரியல அண்ணே, கண்ணு மறைக்குது...

வார்டன்: இவன் முன்னால அழ வேண்டாம்மா. அழற சத்தம் கேட்டா இவன்...

அக்கா: இருங்க. இருங்க, நகராதீங்க. என் முதுகைத் தட்டறான். அண்ணே, இவன் என்னைத் தொட்டே எத்தனை வருஷம் ஆச்சு... என்னடா? என்னமோ சொல்ல வர்றான்.

வார்டன்: ராசா, வேண்டாம். இங்க வா. அதைச் சொல்லாத.

அக்கா: சொல்லட்டும். உங்க குரல்ல சமாதானம் சொல்லப் போறான், அவ்வளவுதானே? அக்கா வருவாங்கன்னு சொல்லட்டும். எனக்குக் கேக்கணும். சொல்லுடா சின்னவனே, அழுதா வார்டன் அண்ணன் என்ன சொல்லுவாரு?

சின்னவன்: அழாத ராசா. பயப்படாத. கதவைச் சாத்திட்டேன். அக்கா இங்க வர மாட்டாங்க.