கடைசிப் பக்கத்தில் அவன் வந்துவிட்டானா?

எங்கள் கொலைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே! நல்ல தூக்கத்தை எங்கள் நாவல்களுக்குத் தாரைவார்த்த பெரியோர்களே! அடுப்பில் வைத்ததை மறந்து அடுத்த அத்தியாயத்தைப் புரட்டிய தாய்மார்களே! பின்வரிசையில் நிற்பதாலேயே என் சந்தேகத்துக்கு ஆளாகிவிட்ட இளைஞர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? காவல் நிலையத்திலிருந்தா? நீதிமன்றத்திலிருந்தா? நம் தலைவர் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். எரிந்துபோன கடைகளுக்குள் புகுந்து, தீ தானாக வந்ததா, தருவிக்கப்பட்டதா என்று சாம்பலைக் கிளறிப் பார்த்தவர். கிளறக் கிளறக் கதை வந்தது, எழுதிவிட்டார்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவன். "எண்ணிக்கிட்டே இருங்க" என்பேன். எண்கள் குழறும், இமைகள் இறங்கும். நினைவுக்கும் உறக்கத்துக்கும் நடுவில் நின்று மனிதர்கள் ஒரு பாதி வாக்கியம் சொல்வார்கள். "சாவியை மட்டும் அவகிட்ட குடுத்துடாதீங்க..." என்றார் ஒருவர். எந்தச் சாவி? எவள் அவள்? விழித்ததும் கேட்டேன். "நானா சொன்னேன்?" என்று சிரித்தார். மறுபாதியைத் தேடிப் போனவன், ஒரு நாவலோடு திரும்பி வந்தேன்.

என்ன ஐயா? அந்த ஆள் யார் என்கிறீர்களா? உங்களுக்கு அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை அல்லவா? மேசைக்கு வாருங்கள், காதோடு சொல்கிறேன்!

இன்று நூல் வெளியிடும் எங்கள் தங்கையின் பாதை வேறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். தங்கை என்று நான்தான் அழைக்கிறேன், அவர் என்னை டாக்டர் என்பதோடு சரி. அண்ணன் என்ற சொல்லை அவர் ஒருவருக்காக எடுத்து வைத்திருக்கிறார்.

அந்த ஒருவர், ஒரு மத்தியானம், பாதி குடித்த தேநீரைச் சன்னலோரம் வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வரவேயில்லை. வீட்டில் சண்டையா? இல்லை. வெளியில் பகையா? இல்லை. தேடாத இடம் உண்டா? அதுவும் இல்லை. ஊர் மறந்தது, உறவு மறந்தது, பெற்றவள் மட்டும் மறக்கவில்லை.

தங்கை எழுதத் தொடங்கினார். எல்லா நாவலிலும் ஒருவன் காணாமல் போவான், கடைசிப் பக்கத்தில் வீடு வந்து சேருவான். பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "துப்பறியும் நாவல்னு போட்டிருக்கோம், ஒரு தடவையாவது அவனைச் சாகடிக்கக் கூடாதாம்மா?"

"வேற யாரை வேணாலும் கொல்றேன் சார். அவனை விட்டுடுங்க."

ஒருநாள் தங்கை வீட்டில் தம் நாவல் ஒன்றைப் புரட்டினார். கடைசித் தாள் மட்டும் விரல் பட்டுப்பட்டு மங்கிக் கிடந்தது. கண்ணாடி துடைத்துப் பழகிய கண், தடயத்தை விடுமா?

"ஏம்மா, முடிவை முதல்லயே படிச்சுட்டா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடுமே!"

"எவன் குற்றவாளியா இருந்தா எனக்கென்னடி? பையன் வீட்டுக்கு வந்துட்டானான்னு பாத்தேன். வந்துட்டான்னா அப்புறம் நிம்மதியா மொதல்லேருந்து படிப்பேன்."

சிரிக்காதீர்கள், தாய்மார்களே.

அதன் பிறகு தங்கைக்கு எழுத்து நின்றது. என்னிடம் வந்தார். "அவனை வரவச்சு வரவச்சு அம்மாவை ஏமாத்தறேன் டாக்டர். கொன்னுடலாம்னு உக்காந்தா கை வரமாட்டேங்குது." பதில் சொன்னது அந்தத் தாய். மகள் அவருடைய கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தபோது, சன்னலைப் பார்த்தபடி சொன்னாராம்:

"ஒவ்வொரு தடவையும் எங்கேருந்தோ அவனை நடத்திக் கூட்டிட்டு வர்றியே, கால் வலிக்காதாடி அவனுக்கு? இந்தத் தடவை வராட்டாலும் பரவால்ல. எங்கேயாவது நிழலாப் பாத்து உக்கார வையி. கொஞ்சம் தூங்கட்டும்."

தூங்கட்டும்! தூக்கத்தையே தொழிலாகக் கொண்டவன் நான். எத்தனையோ பேருக்கு ஊசியால் தந்ததை, எங்கிருக்கிறான் என்றே தெரியாத மகனுக்கு ஒரு சொல்லால் தந்துவிட்டாளே அந்தத் தாய்! குற்றவாளியைப் பிடிக்கவா எழுதுகிறோம்? காவலரை மிஞ்சவா எழுதுகிறோம்? பாதியில் நின்றுபோன வாக்கியத்தோடு வாழ்கிறவர் பக்கத்தில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கத்தானே எழுதுகிறோம்!

இந்த நாவலில் அவன் வீட்டுக்கு வரவில்லை. சாகவும் இல்லை. பெயர் தெரியாத ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றி வைக்கிறான். காற்று வருகிறது. கண் மூடுகிறான். அவ்வளவுதான்.

முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட அந்த அம்மா முன்வரிசையில் இருக்கிறார். அதோ, கடைசித் தாளைத் திறந்துவிட்டார். பொறுங்கள், நண்பர்களே. படித்து முடிக்கட்டும்.

கண்ணாடியைக் கழற்றுகிறார். துடைக்கிறார். மறுபடி மாட்டிக்கொள்கிறார்.

இதோ, முதல் பக்கத்துக்குப் போகிறார்.

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள்: கை தட்டாதீர்கள். அவர் படித்துக்கொண்டிருக்கிறார், அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.